சிறு விமானங்களும் எரிபொருள் தொட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

மலாக்கா நகருக்கு வடக்கே அமைந்துள்ள பத்து பெரண்டாம் என்னும் ஊரின் பெயருக்கு, மலாய் மொழியில், நீரில் ஊறிக் கிடக்கும் கல் என்பது பொருள். கல்லின் இயல்பு அமிழ்வது. ஆயினும் கல்லின் பெயரைத் தாங்கிய அவ்வூரிலேதான் 1952ஆம் ஆண்டு விமான நிலையம் ஒன்று தோன்றியது. காற்றினும் பன்மடங்கு கனத்த ஊர்திகள் அன்றுமுதல் அம்மண்ணைவிட்டு எழுந்து வருகின்றன. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரும் அவர்தம் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துப் பழகிய காட்சி அது. பயிற்சி பெறும் விமானிகள் சிறு விமானங்களைச் செலுத்தி வானில் வட்டமிடுவதும், தரையைத் தொட்டும் தொடாமலும் மீண்டும் எழுவதும் அவ்வூருக்குப் புதியன அல்ல.

விமானம் எவ்வாறு பறக்கிறது என்னும் வினாவை எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் எழுப்புவர். இறக்கையின் வடிவத்தையும் காற்றின் அழுத்தத்தையும் கூறி ஆசிரியரும் விடையளிப்பார். ஆனால், அதன் எரிபொருள் எங்கே இருக்கிறது, அஃது ஏன் அங்கே வைக்கப்பட்டது, எவ்வளவு கொள்ளும் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. பெரிய விமானங்களில் இதனை முடிவு செய்வதற்குப் பெருநிறுவனங்களும் பொறியியல் வல்லுநர் பலரும் உளர். தம் கையாலேயே தமக்கென ஒரு சிறு விமானத்தைக் கட்டிக்கொள்ளும் தனிமனிதர், அம்முடிவைத் தாமே செய்ய வேண்டியவராகிறார். ஒரு சிறு தொட்டியின் இருப்பிடம் அவருடைய உயிரின் இருப்பையே தீர்மானிக்கக் கூடும். ஆதலின் அத்தொட்டியின் வரலாறு ஆராயத்தக்கதாகும்.

மயிற்பொறி எழுப்பும் வினா

வானவூர்தி பற்றிய கற்பனை தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். பொறியை ஒரு பக்கம் திருகினால் மேலெழும். மறுபக்கம் திருகினால் கீழிறங்கும். நாட்டில் சூழ்ச்சி எழ, கருவுற்றிருந்த அரசி அதில் ஏறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு கேட்ட அளவில் அவள் மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான்.

அம்மயில் எந்த எரிபொருளைக் கொண்டு பறந்தது என்பது காப்பியத்தின் நோக்கம் அன்று. எனினும் ஒரு கூர்மையான உண்மை அதில் பொதிந்துள்ளது. ஊர்தி எத்துணைச் சிறந்ததாயினும், அதன் திருகைத் திருப்பும் கை தளர்ந்தால் ஊர்தி இறங்கிவிடும் என்பதே அது. பிற்கால விமான வரலாற்றில் இவ்வுண்மை மெய்ப்பிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று இக்கட்டுரையின் பிற்பகுதியில் இடம்பெறும்.

எடையும் நிலையும்

ஊர்தி ஒன்றின் எடை முழுவதும் ஒரு புள்ளியிற் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் இடத்தை ஈர்ப்பு மையம் என்பர். விமானம் நிலைகுலையாது பறக்க வேண்டுமாயின், இப்புள்ளி இறக்கையை ஒட்டிய ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே இருத்தல் வேண்டும். அது முன்னே மிகுதியாக நகர்ந்தால் மூக்கு கனத்துத் தலையைத் தூக்க இயலாது போகும். பின்னே மிகுதியாக நகர்ந்தால் விமானம் தன் நிலையை மீட்டுக்கொள்ளும் ஆற்றலை இழந்து, கட்டுக்கடங்காத சுழற்சியில் வீழக்கூடும்.

விமானத்திலுள்ள மனிதர், இருக்கை, இயந்திரம் ஆகியவற்றின் எடை பறக்கும்போது மாறுவதில்லை. எரிபொருளின் எடை மட்டும் நிமிடந்தோறும் குறைகிறது. விமானப் பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.72 கிலோ எடையுடையது. 80 லிட்டர் நிரப்பினால் அதன் எடை ஏறத்தாழ 58 கிலோவாகும். அஃதாவது, ஒரு மனிதரின் எடையை ஒத்த சுமையொன்று பயணத்தின் போக்கிலே சிறிது சிறிதாக மறைந்துவிடுகிறது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். எரிபொருளுடன் 480 கிலோ எடையுள்ள விமானம் ஒன்றில் இந்த 58 கிலோ எரிபொருள், ஈர்ப்பு மையத்திற்கு 1 மீட்டர் முன்னே வைக்கப்பட்டிருக்கிறது எனக் கொள்வோம். தொட்டி வற்றியதும் எஞ்சிய எடை 422 கிலோ. 58ஐ 422ஆல் வகுக்க, ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் பின்னே நகர்ந்துவிட்டது என்பது புலனாகும். சிறு விமானங்களுக்கு அனுமதிக்கப்படும் எல்லையே சில அங்குலங்கள்தாம். புறப்படும்போது ஒழுங்காயிருந்த விமானம், இறங்கும்போது வேறொரு விமானமாகிவிடுகிறது. அதே தொட்டியை 20 சென்டிமீட்டர் முன்னே மட்டும் வைத்திருந்தால் நகர்வு 3 சென்டிமீட்டருக்கும் குறைவே. எனவே, எரிபொருளை ஈர்ப்பு மையத்திற்கு எவ்வளவு அருகில் வைக்க இயலுமோ அவ்வளவு அருகில் வைப்பது முதல் விதியாயிற்று. அந்த இடத்திலேதான் மனிதரும் அமர வேண்டியிருக்கிறது என்பதே இவ்வரலாறு முழுவதிலும் தொடரும் இடர்ப்பாடு.

முன்னோடிகள்

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ரைட் உடன்பிறப்பினர் பறக்கவிட்ட விமானத்தில் எரிபொருள் தொட்டி என்பது ஒரு சிறு தகரக் குவளையே. இரண்டு இறக்கைகளுக்கிடையே நிற்கும் ஒரு கழியில், மேலிறக்கைக்கு அருகில் அது கட்டப்பட்டிருந்தது. பம்பு எதுவும் கிடையாது. மேலிருந்த பெட்ரோல் குழாய் வழியே தானாகவே இறங்கி இயந்திரத்தை அடைந்தது. அன்றைய நான்கு பறத்தல்களுள் நெடியது 59 விநாடியே நீடித்தது. ஆதலின் கொள்ளளவு பற்றிய கவலைக்கு இடமில்லை. ஆயினும் மேலே வைத்தால் தானே இறங்கும் என்னும் அந்த எளிய வழி, சிறு விமானங்களில் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

தமிழ் மண்ணும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த கார்சிக்கா நாட்டவரான ஜக்கோமோ டி ஏஞ்சலிஸ், 1909ஆம் ஆண்டு பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் ஊக்கம் பெற்றார். தாமே ஓர் ஈரடுக்கு விமானத்தை வடிவமைத்து, சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறையில் அதனைக் கட்டுவித்தார். 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் பல்லாவரத்தில் அதனைப் பறக்கவிட்டு, பின்னர்ச் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் முன்னும் காட்சிப்படுத்தினார். குதிரை வண்டி செய்து பழகிய பட்டறைக் கைகள் விமானமொன்றையும் செய்து முடித்தன என்பது எண்ணி மகிழத்தக்கது. தம் முயற்சியால் விமானம் கட்டும் மரபு, ஆசியாவில் சென்னையை ஒட்டியே இவ்வளவு முற்பட்ட காலத்தில் தலைகாட்டியது.

அதே 1910ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோந்த் தம் சிறு விமானத்தின் வரைபடங்களை எவ்வித உரிமைக் கட்டணமும் கேளாது உலகிற்கு வழங்கினார். அமெரிக்க இதழொன்று அவற்றை வெளியிட்டது. வரைபடத்தைப் பார்த்து எவரும் விமானம் கட்டலாம் என்னும் எண்ணம் இவ்வாறு பரவியது.

முகப்பில் வைத்த தொட்டி

1920களின் இறுதியில் இவ்வெண்ணம் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல்-ஏ மோட்டார் காரின் இயந்திரத்தைப் பொருத்தி 1929ஆம் ஆண்டு ஏர் கேம்ப்பர் என்னும் மர விமானத்தைப் பறக்கவிட்டார். அவ்விமானத்தைக் கட்டியோர் தொட்டியை வைக்க இரண்டு இடங்களைக் கண்டனர். சிலர் இயந்திரத்திற்குப் பின்னே முகப்பில் வைத்தனர்; சிலர் தலைக்கு மேலுள்ள இறக்கையின் நடுப்பகுதியில் வைத்தனர். ஒரே வரைபடம், கட்டியவரின் மனப்போக்கிற்கேற்ப வெவ்வேறு முடிவுகள்.

முகப்பில் வைப்பதால் நன்மைகள் பல உள. குழாய் குறுகியது, இயந்திரம் அருகில் உள்ளது, பம்பு வேண்டுவதில்லை. பைப்பர் நிறுவனம் தயாரித்துப் புகழ்பெற்ற கப் என்னும் சிறு விமானம் இம்முறைக்குச் சிறந்த சான்று. தீத்தடுப்புச் சுவருக்குப் பின்னே, விமானியின் முழங்காலுக்கு முன்னே 12 அமெரிக்க கேலன் கொள்ளும் தொட்டி அமைந்தது. அதன் மூடியின் நடுவே ஒரு கம்பி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் அடியிலுள்ள தக்கை பெட்ரோலின்மேல் மிதக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பியும் தாழும். கண்ணாடிக்கு வெளியே கண்ணெதிரே நிற்கும் அக்கம்பியைக் கவனியாது எந்த விமானியும் பறக்க இயலாது. இதனினும் எளிய அளவுகோலைக் கற்பனை செய்வதும் அரிது.

தீமைகளும் இல்லாமல் இல்லை. செங்குத்தாக மேலெழும்போது மூக்கு உயர்கிறது. முன்னேயுள்ள கார்புரேட்டரும் உயர்கிறது. பின்னேயுள்ள தொட்டியின் வாய் அதனினும் தாழ்ந்துவிட்டால் பெட்ரோல் மேல்நோக்கி ஓடாது. தொட்டியில் எரிபொருள் இருந்தும் இயந்திரம் பட்டினியால் நின்றுவிடும். அதுமட்டுமன்று, மூக்கு தரையில் மோதினால் தொட்டி உடைந்து, கொதிக்கும் இயந்திரத்தின்மீதும் விமானியின்மீதும் பெட்ரோல் தெறிக்கக்கூடும்.

1927ஆம் ஆண்டு மே மாதம் 20, 21 ஆகிய நாள்களில் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தன்னந்தனியே பறந்த சார்லஸ் லிண்ட்பர்க் இவ்விடரை ஆழ்ந்து சிந்தித்தவர். 33 மணி நேரத்திற்கும் மேற்பட்ட அப்பயணத்திற்கு அவர் சுமந்தது ஏறத்தாழ 450 அமெரிக்க கேலன் பெட்ரோல். புறப்படும்போது விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி அதுவே. ஐந்து தொட்டிகளுள் பெரியது, ஈர்ப்பு மையத்தை ஒட்டி, இயந்திரத்திற்கும் விமானிக்கும் இடையே அமைந்தது. விபத்து நேரின் இயந்திரத்திற்கும் தொட்டிக்கும் நடுவே தாம் நசுங்குவதை அவர் விரும்பவில்லை. ஆதலின் தொட்டிக்குப் பின்னே அமர்ந்தார். அதன் விலையாக முன்புறக் காட்சியை முற்றிலும் துறந்தார். நேரே பார்ப்பதற்கு ஒரு சிறு பெரிஸ்கோப்பையும், பக்கத்துச் சாளரங்களையும் மட்டுமே நம்பினார். ஒரு தொட்டிக்கு இடமளிக்க ஒரு மனிதர் தம் பார்வையை ஈடாகக் கொடுத்த நிகழ்ச்சி இது.

காண்டாக் கம்பும் இறக்கைத் தொட்டிகளும்

முகப்பை விட்டுத் தொட்டியை இறக்கைக்குள் கொண்டு சென்றது அடுத்த கட்டம். இறக்கை ஈர்ப்பு மையத்தை ஒட்டியே இருப்பதால், அங்கே வைத்த எரிபொருள் முன்பின் நிலையை அவ்வளவாகக் குலைப்பதில்லை. மனிதருக்கு முன்னும் பின்னும் பெட்ரோல் இல்லாமையால் தீ அச்சமும் குறைகிறது. ஆனால் புதியதொரு பொறுப்பு தோன்றுகிறது. இடமும் வலமும் சமமாயிருத்தல் வேண்டும்.

தோட்டத்து வாழ்வை அறிந்தோர்க்கு இதனை விளக்க நெடிய சொற்கள் வேண்டா. காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து சென்றவர்கள், ஒரு வாளி நிறைந்தும் மறுவாளி குறைந்தும் இருந்தால் நடை எப்படித் தள்ளாடும் என்பதை நன்கறிவர். இறக்கைத் தொட்டிகளும் அவ்வாறே. ஒரு பக்கம் மட்டும் எரிபொருள் தீர்ந்தால் விமானம் கனத்த பக்கம் சாயும். தோளிலே சுமப்பவர் கம்பைச் சற்று நகர்த்திச் சமன் செய்துகொள்வார். விமானியோ இடத்தொட்டியையும் வலத்தொட்டியையும் மாற்றி மாற்றித் திறந்து சமன் செய்ய வேண்டும். அதற்கென அமைந்ததே தொட்டி மாற்றும் வால்வு.

இறக்கை தலைக்கு மேலே இருந்தால் பெட்ரோல் தானே இறங்கும். இரு தொட்டிகளையும் ஒருங்கே திறந்துவிடவும் இயலும். செஸ்னா வகைச் சிறு விமானங்கள் பல இம்முறையைப் பின்பற்றுகின்றன. இறக்கை கீழே அமைந்த பைப்பர் செரோக்கி போன்றவற்றில் பெட்ரோலைப் பம்பு கொண்டு மேலே இழுக்க வேண்டும். அங்கே இரண்டையும் ஒருங்கே திறப்பது தகாது. ஒன்று வற்றிவிட்டால் பம்பு அதிலிருந்து காற்றை உறிஞ்சி, மற்றதில் பெட்ரோல் இருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்திவிடும். ஆதலின் கீழிறக்கை விமானத்தின் விமானி நேரம் பார்த்துத் தொட்டியை மாற்றக் கடமைப்பட்டவர்.

இறக்கைத் தொட்டி அகன்றது, ஆழம் குறைந்தது. விமானம் சாயும்போது எரிபொருள் ஒரு மூலைக்கு ஓடிக் குழாயின் வாய் வெறுமையாகும். நீர்க்குடம் தளும்பாதிருக்க அதன் வாயில் தழையை மிதக்கவிட்டுச் சுமந்த மகளிரின் அறிவே இங்கும் பயன்படுகிறது. தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளை நிறுத்தி, எரிபொருளின் ஓட்டத்தைத் தணிக்கின்றனர். மேலே காற்று நுழைய ஒரு துளையும் வேண்டும். அத்துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் தோன்றிப் பெட்ரோல் இறங்காது. குளவி கட்டிய ஒரு சிறு மண்கூடு விமானத்தையே வீழ்த்தப் போதுமானது. வெப்பத்தால் பெட்ரோல் விரியுமாதலின் தொட்டியின் ஒரு சிறு பகுதி எப்போதும் வெற்றிடமாக விடப்படுகிறது. ஈரம் மிகுந்த மலாக்கா போன்ற நிலப்பகுதிகளில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் இரவின் குளிர்ச்சியால் நீர்த்துளி படியும். நீர் பெட்ரோலைவிடக் கனமாதலின் அடியில் தங்கும். அதனாலேயே தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாய் அமைத்து, பறக்குமுன் சிறிது வடித்துப் பார்ப்பது விமானிகளின் மாறாத வழக்கமாயிற்று.

கொள்ளளவு என்னும் மயக்கம்

தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது எளிய வினாவாகத் தோன்றும். அஃது அவ்வளவு எளியதன்று. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், மலாயாவில் வழங்கிய இங்கிலாந்து கேலன் 4.546 லிட்டர். கப் விமானத்தின் 12 கேலன், இங்கிலாந்துக் கணக்கில் 10 கேலனே ஆகும். அமெரிக்க வரைபடத்தைப் படித்து, 12 என்னும் எண்ணை மட்டும் மனத்திற்கொண்டு பயணத் தொலைவைக் கணக்கிடும் மலாயாக்காரர், இல்லாத 2 கேலனை நம்பிப் பறப்பவராவார்.

தொட்டியிலுள்ள எல்லாமும் பயன்படுவதும் இல்லை. குழாயின் வாய்க்கு எட்டாது அடியில் தங்கும் பகுதியைப் பயன்படா எரிபொருள் எனத் தனியே கணக்கிடுவர். அதனையும் நீக்கி, சேமிப்பாக வைக்க வேண்டியதையும் நீக்கிய பின்னரே பயணத்திற்குரிய அளவு கிட்டும். அமெரிக்க விதிகளின்படி, கண்பார்வையால் பறக்கும் விமானம் பகலில் 30 நிமிடத்திற்கும், இரவில் 45 நிமிடத்திற்கும் போதுமான எரிபொருளை மிச்சமாகக் கொண்டிருத்தல் வேண்டும்.

பெரிய தொட்டி நல்லது எனக் கருதுவதும் பிழையே. கூடுதலாக 40 லிட்டர் கொள்ளும் தொட்டியைத் தம் விருப்பப்படி அமைப்பவர், ஏறத்தாழ 29 கிலோ எடையையும் கூட்டிக்கொள்கிறார். அந்த எடையைத் தாங்க இறக்கையும் சக்கரமும் இயந்திரமும் வலுவுடையனவாக இருக்க வேண்டும். இல்லையேல், இருவர் அமரும் விமானத்தில் தொட்டியை நிரப்பினால் ஒருவரே பறக்க முடியும் என்னும் நிலை தோன்றும்.

ரூட்டானின் புரட்சி

1953ஆம் ஆண்டு பால் பாபரெஸ்னி என்பவர் அமெரிக்காவில் சோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். தம் கையால் விமானம் கட்டுவோர் அதன்வழி ஒன்றுகூடி, தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர். இவ்வியக்கத்திற்குப் புத்துயிர் ஊட்டியவர் பர்ட் ரூட்டான். அவர் 1970களின் நடுப்பகுதியில் வேரி-ஈஸி என்னும் விமானத்தையும், 1979இல் லாங்-ஈஸி என்னும் விமானத்தையும் வெளிக்கொணர்ந்தார். நுரைப்பொருளைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடி இழைத்துணியைப் பசையுடன் ஒட்டி விமானம் செய்யும் முறை அது. வால்பகுதி இல்லை, சிறு இறக்கை முன்னே இருக்கும், இயந்திரமும் சுழலியும் பின்னே இருக்கும்.

இவ்வமைப்பில் தொட்டிக்கு ஓர் அழகிய இடம் கிடைத்தது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முன்னோக்கி நீளும் அகன்ற தோள்பகுதியே தொட்டியாயிற்று. தனியே தகரத் தொட்டி செய்து பொருத்த வேண்டுவதில்லை, கட்டுமானமே கலமாகிறது. ஈர்ப்பு மையமும் அருகிலேயே அமைகிறது. லாங்-ஈஸியில் இவ்வகையில் 52 அமெரிக்க கேலன் எரிபொருளைக் கொள்ள முடிந்தது. இந்தியாவில், பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகமும் 1980களில் லாங்-ஈஸியை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டிக் கூட்டுப்பொருட் கலையைப் பயின்றது. அப்பயிற்சியின் வழியில் வந்த ஹன்சா என்னும் இருவர் விமானம் 1993ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் முதன்முறை பறந்தது.

ரூட்டானின் எண்ணம் உச்சத்தை எட்டியது வாயேஜர் விமானத்தில். 1986ஆம் ஆண்டு டிசம்பர் 14 முதல் 23 வரை, டிக் ரூட்டானும் ஜீனா யேகரும் எங்கும் இறங்காமலும் நடுவழியில் எரிபொருள் நிரப்பாமலும் உலகைச் சுற்றினர். விமானத்தில் தொட்டிகள் 17. புறப்பாட்டு எடை ஏறத்தாழ 4,400 கிலோ. அதில் எரிபொருள் மட்டும் ஏறத்தாழ 3,180 கிலோ. பறக்கும் தொட்டி ஒன்றில் இரு மனிதர் அமர்ந்திருந்தனர் எனினும் பொருந்தும். எந்தத் தொட்டியிலிருந்து எதற்கு எவ்வளவு மாற்றப்பட்டது என்பதை அவர்கள் ஏட்டில் எழுதி எழுதியே சமநிலையைக் காத்தனர். கடைசி இரவில், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாக் கரைக்கு அப்பால், எரிபொருள் ஊட்டம் தடைபட்டுப் பின் இயந்திரம் நின்றது. முன் இயந்திரத்தை இயக்கி அவர்கள் உயிர்பிழைத்தனர். தரையிறங்கியபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 48 கிலோ எரிபொருளே.

எட்டாத வால்வு

1997ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், கலிபோர்னியாவின் மாண்டரே வளைகுடாவில் லாங்-ஈஸி விமானம் வீழ்ந்து உயிரிழந்தார். அவ்விமானத்தை அவர் கட்டவில்லை. வேறொருவர் கட்டியதை அண்மையில் பெற்றிருந்தார்.

ரூட்டானின் வரைபடத்தில் தொட்டி மாற்றும் வால்வு விமானியின் இரு கால்களுக்கிடையே அமைந்திருந்தது. அதனைக் கட்டியவரோ, விமானியிருக்கும் அறைக்குள் பெட்ரோல் குழாய் வருதல் தீ விபத்திற்கு இடமளிக்கும் என அஞ்சினார். ஆதலின் வால்வை விமானியின் இடத்தோளுக்குப் பின்னே கொண்டுபோய் வைத்தார். அவருடைய அச்சம் நியாயமானது, நோக்கம் நல்லது. ஆயினும் அதன் விளைவு யாது? தொட்டியை மாற்ற விரும்பும் விமானி, பிடியை விட்டு, உடலை முறுக்கிப் பின்னே திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்புகையில் வலக்கால் தன்னையறியாமல் மிதியை அழுத்தி விமானத்தைத் திருப்பிவிடும். வால்வில் எந்தப் பக்கம் எந்தத் தொட்டி என்னும் குறியும் இல்லை. எரிபொருளின் அளவைக் காட்டும் குழாய்கள் பின்னே இருந்தமையால் ஒரு கைக்கண்ணாடியின் துணைகொண்டே அவற்றைப் பார்க்க இயலும். அவற்றிலும் அளவுக்குறிகள் இல்லை.

புறப்படுமுன்னரே இக்குறை பேசப்பட்டது. வால்வின் பிடியை நீட்டிக்கக் குறடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தனர், அது பயன்படவில்லை. தானியங்கி ஓட்டியை இயக்கிவிட்டு வால்வைத் திருப்பிக்கொள்வதாக அவர் கூறினார். எரிபொருள் நிரப்பவா எனக் கேட்டபோது, சிறிது நேரமே பறக்கப் போவதாகக் கூறி மறுத்தார். கடலோரத்தில் சில நூறு அடி உயரத்தில் பறந்தபோது இயந்திரம் ஓய்ந்தது. விமானம் தலைகீழாகக் கடலில் வீழ்ந்தது. போதிய எரிபொருளின்மை, வால்வு எட்டாத இடத்திலிருந்தமை, குறிகள் இன்மை, புதிய விமானத்திற்குரிய பயிற்சி போதாமை ஆகிய பல காரணங்களை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் ஆய்வில் எடுத்துக்காட்டியது.

மயங்கிய விசயையின் கை திருகினின்றும் நழுவியது. இங்கே கையில் வலிமை இருந்தது. திருகுதான் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. தீயினின்று காக்கவென இடம் மாற்றிய ஒரு வால்வு, வேறொரு வாயிலால் சாவை அழைத்துவந்தது. எரிபொருள் தொட்டியின் வரலாறு முழுவதும் உணர்த்தும் உண்மை இந்நிகழ்ச்சியில் ஒருங்கே திரண்டு நிற்கிறது. பழுதற்ற இடம் என ஒன்று இல்லை. முகப்பில் வைத்தால் தீ. இறக்கையில் வைத்தால் சமன். பின்னே வைத்தால் எட்டாமை. எந்த இடத்தைத் தேர்ந்தாலும், எஞ்சிய எரிபொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனைத் திறக்கும் திருகு கைக்கு எட்ட வேண்டும். பைப்பர் கப்பின் தக்கைக் கம்பி அக்கருத்தை ஓசையின்றி நிறைவேற்றியது.

பத்து பெரண்டாமில் ஒரு தொடர்பு

இவ்வரலாற்றின் ஓர் இழை மலாக்காவிலும் வந்து முடிகிறது. வாயேஜரின் இறக்கை வடிவங்களை உருவாக்கியவர் ஜான் ரான்ஸ் என்னும் வான்இயக்க வல்லுநர். மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவான ஈகிள் என்னும் இருவர் விமானத்தின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு. முன்னே ஓர் இறக்கை, நடுவே ஓர் இறக்கை, பின்னே வால் என மூன்று பரப்புகளைக் கொண்ட அவ்விமானமும் கூட்டுப்பொருளால் ஆனது. 1990ஆம் ஆண்டு மலேசிய அரசின் நிதியமைச்சின் சார்பில் தொடங்கப்பட்ட கூட்டுப்பொருள் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. அந்நிறுவனம் அமைந்த இடம் பத்து பெரண்டாம். ஈகிள் 150 விமானங்கள் அங்கே உருப்பெற்றன.

அவ்விமானத்தின் உற்பத்தி பின்னர் நின்றுபோயிற்று. ஆயினும் கற்ற கை ஓயவில்லை. அந்நிறுவனம் ஏர்பஸ் விமானங்களின் இறக்கைக்குரிய கூட்டுப்பொருட் பாகங்களைச் செய்யும் நிலைக்கு உயர்ந்தது. ஒரு காலத்தில் தனிமனிதர் தம் கொட்டகையில் நுரையைச் செதுக்கிப் பசை பூசிப் பயின்ற கலை, பேரூர்திகளின் இறக்கையிலும் இடம்பெற்றுவிட்டது. பால்மரம் சூழ்ந்த ஒரு பகுதி அதற்குக் களமாயிற்று என்பது மலாக்காவாழ் மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

முடிவுரை

தம் கையால் விமானம் கட்டுவோர் துணிவுடையோர். ஆயின் துணிவு மட்டும் அவர்களைக் காப்பதில்லை. எடையைக் கணக்கிடும் எண்ணறிவும், கேலனையும் லிட்டரையும் மயங்காத அளவறிவும், அடியில் தங்கிய நீர்த்துளியையும் ஐயுறும் விழிப்பும் அவர்களுக்கு வேண்டும். இவையாவும் பள்ளி வகுப்பறையிலேயே தொடங்குபவை. கணிதப் பாடத்தில் ஓர் அலகைத் தவறாக எழுதும் மாணவன் ஒரு மதிப்பெண்ணை இழக்கிறான். அதே பிழையை வானில் செய்பவர் இழப்பது மீண்டும் பெற இயலாத ஒன்று.

பத்து பெரண்டாம் வானில் சிறு விமானம் ஒன்று வட்டமிடும்போது, கீழே நிற்கும் மாணவன் அதன் இறக்கையை மட்டும் காண்கிறான். அதன் உள்ளே எங்கோ ஒரு தொட்டி நிமிடந்தோறும் குறைந்துகொண்டிருக்கிறது. விமானியின் கண் அதன் அளவைக் காண்கிறது. கை அதன் திருகை அறிந்திருக்கிறது. அவ்விரண்டும் தவறாத வரையில், நீரில் ஊறிய கல்லின் பெயர்கொண்ட அவ்வூரிலிருந்து எழுந்த ஊர்தி மீண்டும் அம்மண்ணிலேயே நலமாக வந்திறங்கும்.